ஒற்றை ஆள் கூடாரம் வாங்குவது எப்படி? புழுக்கமும் மணலும் உள்ள ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதுகுப்பையில் தூக்கிக்கொண்டு போகிற சின்னக் கூடாரம் பற்றித் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு முதல் கவலை எடை, அடுத்தது குளிர். கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்து கிளம்புகிறவருக்கு முதல் கவலை புழுக்கம், அடுத்தது மணல். எடை அதற்கு அப்புறம்தான் வரும். இந்த வரிசையைக் கவனிக்காமல், எந்தக் கூடாரம் குறைவான கிராம் என்று மட்டும் பார்த்து வாங்கினால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஒரு வியர்வைப் பையை வாங்கியதுபோல் ஆகிவிடும்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் போங்கள். கடைசிப் படிகளை அவசரத்தில் தாண்டிவிட வேண்டாம். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் ஒரு கூடாரம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

படி 1: எங்கே படுக்கப் போகிறீர்கள்?

நம் பக்கத்திலிருந்து போகிற பயணங்களை மூன்றாகப் பிரிக்கலாம். கடற்கரையும் சமவெளியும் ஒன்று: சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, நண்பருடைய கொல்லை, சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் தங்குவது எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகள். மூன்றாவது இமயமலை.

மூன்றாவதுக்காக மட்டும் கூடாரம் தேடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். உத்தரகண்ட், இமாசலப் பக்கம் குழுவாக அழைத்துப்போகும் நிறுவனங்கள் பெரும்பாலும் கூடாரத்தை அவர்களே தருகிறார்கள். தனியாக, சொந்தச் சுமையோடு நடக்கப் போகிறவருக்குத்தான் சொந்தக் கூடாரம் தேவை.

மலை என்றால் அனுமதி முக்கியம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பாதைகள் பெரும்பாலும் ஒரே பகலில் முடிபவை. வழிகாட்டியோடுதான் போக முடியும். காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போடுவது சட்டப்படி குற்றம். செஞ்சிக் கோட்டையில் ஓர் இரவு தங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மாலையில் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள்.

ஆக, உண்மையில் நீங்கள் அதிக இரவுகள் படுக்கப்போவது சமவெளியிலும் கடலோரத்திலும் மலைக்கிராமத்துத் தோட்டங்களிலும்தான். அந்த இடங்களுக்குத் தோதான கூடாரத்தை வாங்குங்கள். வாழ்நாளில் ஒருமுறை போகப்போகிற பனிமலைக்காக வாங்காதீர்கள். அதற்கு வாடகைக்கே கிடைக்கும்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடலாம்: கூடாரம் வேண்டுமா? பங்குனி, சித்திரையில் மழை வாய்ப்பில்லாத இரவுக்கு ஒரு தொங்கும் கொசுவலையும் இலேசான தார்ப்பாயும் போதும். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ சொச்சம்தான் வரும். மரம் உள்ள இடம் என்றால் வலை வைத்த தொங்கு ஊஞ்சல் இன்னும் சுகம். புழுக்கத்தில் அதைவிட நல்ல படுக்கை கிடையாது. கொசு, மழை, பூரான், ஆட்கள் பார்வை என நான்கையும் ஒரே பொருள் தடுக்கவேண்டும் என்றால்தான் கூடாரம்.

படி 2: எடைக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

தோராயமான அளவுகோல் இது. ஒற்றை ஆள் கூடாரம் 1 கிலோவுக்குக் கீழே இருந்தால் அதை அல்ட்ராலைட் என்கிறார்கள். 1 முதல் 1.5 கிலோ நல்ல இலகு எடை. 2 கிலோ வரை தூக்கி நடக்கலாம். 2.5 கிலோவுக்கு மேல் போனால் அது காரில் கொண்டுபோகும் சாமான்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எடையை நம்பாதீர்கள். பல நிறுவனங்கள் ‘குறைந்தபட்ச எடை’ என்று ஒன்று சொல்லும். அதில் உள் கூடாரம், மேல் துணி, கம்பிகள் மட்டும் இருக்கும். முளை, கயிறு, உறைப்பை, தரைவிரிப்பு எதுவும் சேராது. எல்லாம் சேர்ந்தால் 200 முதல் 400 கிராம் வரை கூடிவிடும். பொட்டலம் வந்ததும் முழுதாக ஒரு தராசில் வையுங்கள். தெருமுனை மளிகைக்கடைத் தராசே போதும். அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது நம் ஊருக்கான கணக்கு. குளிர்நாட்டுப் பயணி ஒரு கிலோ எடையுள்ள தூக்கப்பையை (ஸ்லீப்பிங் பேக்) சுமக்கிறார். நமக்கு அது வேண்டாம். மே மாதத்தில் புதுச்சேரியில் பல இரவுகள் 27, 28 பாகை செல்சியஸிலேயே நின்றுவிடும். ஒரு லுங்கியும் மெல்லிய பருத்திப் போர்வையும் போதும். அங்கே முக்கால் கிலோ மிச்சம். ஆனால் தண்ணீரில் நாம் மாட்டிக்கொள்கிறோம். வெயிலில் நடக்க 3, 4 லிட்டர் தேவைப்படும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 1.5 கிலோ கூடாரத்துக்கும் 800 கிராம் கூடாரத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் லிட்டர் பாட்டில்கூட இல்லை. அந்த 700 கிராமைக் குறைக்க இரண்டு மூன்று மடங்கு விலை கேட்பார்கள். பல நாள் தொடர்ந்து நடக்கிறவருக்கு அது நியாயமான செலவு. சனி, ஞாயிறு மட்டும் போகிறவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

படி 3: ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா?

நம் பக்கத்துக்காரர் இந்தப் படியில் எடுக்கும் முடிவுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் மழையைத் தடுக்கும் துணியே உள்சுவரும். எடை குறைவு. இரட்டைச் சுவரில் உள்ளே வலையாலான ஓர் அறை, அதன்மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு மழைத்துணி.

இரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெளிந்த வானத்தின் கீழே மேல் துணி தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே நீங்கள் மூச்சு விடுகிறீர்கள், வியர்க்கிறீர்கள். அந்த ஈரக்காற்று குளிர்ந்த துணியில் பட்டதும் தண்ணீராகிறது. கடலோரத்தில் வெளிக்காற்றே ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. அதனால் துணி கொஞ்சம் குளிர்ந்தாலே போதும், உள்பக்கம் முத்துமுத்தாக நீர் பூத்துவிடும். மார்கழி, தைப் பனியில் இதை நன்றாகப் பார்க்கலாம். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பார்த்தது இந்த நீரைத்தான்.

எந்தத் துணி விற்பனையாளர் என்ன சொன்னாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது. நீர் பூத்தாலும் உங்கள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். இரட்டைச் சுவரில் மேல் துணியில் பூத்த நீர் வலைக்கு வெளியே வழிந்து இறங்கிவிடும். ஒற்றைச் சுவரில் புரண்டு படுத்தால் தோள் நனையும். ஆகவே கடலூர், புதுச்சேரிக்கு என் பரிந்துரை ஐயமில்லாமல் இரட்டைச் சுவர். அதிலும் உள் கூடாரம் முழுக்க வலையாக இருக்கவேண்டும். மலையும் இமயமும் சேர்த்துப் போகிறவர்கள் பாதி வலை, பாதி துணி உள்ளதைப் பார்க்கலாம். குளிர்க்காற்று நேரே முகத்தில் அடிக்காது. சமவெளியில் அது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது இவற்றையும் பாருங்கள்: மேல் துணியின் உச்சியில் காற்றுத் துவாரம் இருக்கிறதா, துணியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிறதா, அல்லது தரையைத் தொடுகிறதா. பனிமலைக்கென்று செய்தவை தரையைத் தொடும். நமக்கு அவை வேண்டாம். மழை இல்லாத இரவில் மேல் துணியைப் பாதி சுருட்டிக் கட்டிவைக்க வழி இருந்தால் இன்னும் நல்லது. மழை வந்தால் எழுந்து இழுத்துவிடலாம்.

இரண்டு பக்கமும் காற்று போகவேண்டும் என்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. பிற்பகலிலிருந்து கடலிலிருந்து காற்று வரும். நள்ளிரவுக்கு மேல் அது திரும்பி, நிலத்திலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீசும். விடியலுக்கு முன் கொஞ்ச நேரம் இலைகூட அசையாது. ஒரு பக்கம் மட்டும் வாசலும் துவாரமும் உள்ள கூடாரத்தில் மாலை சுகமாக இருக்கும், பின்னிரவில் மூச்சு முட்டும்.

படி 4: எப்படி நிற்கிறது?

தானே நிற்கும் கூடாரம், பாதி தானே நிற்கும் கூடாரம், நடைக்கம்புகளை வைத்து நிறுத்தும் கூடாரம் என மூன்று வகை.

முதல் வகையில் கம்பிகளைக் கோத்தாலே உருவம் வந்துவிடும். தூக்கி இடம் மாற்றலாம், கவிழ்த்து மணலை உதறலாம், மொட்டை மாடியிலும் சிமெண்ட் திண்ணையிலும் போடலாம். கம்பிகளால் எடை கூடும். இரண்டாவது வகையில் கால்பக்கம் இரண்டு மூலைகளை முளையடித்து இழுக்கவேண்டும். சந்தையில் 1.2 முதல் 1.5 கிலோவில் கிடைக்கும் நல்ல கூடாரங்களில் பல இந்த ரகம். நேச்சர்ஹைக் கிளவுட் அப் வரிசை இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம். மூன்றாவதில் கம்பியே கிடையாது. நடக்கும்போது ஊன்றுகிற கம்புதான் தூண். இந்த ரகத்தைச் சேர்ந்த டர்ஸ்டன் எக்ஸ்-மிட் கூடாரம் சுமார் 800 கிராம்தான். இரட்டைச் சுவரோடு இவ்வளவு குறைந்த எடை என்பது நல்ல பொறியியல்தான், சந்தேகமில்லை.

ஆனால் மூன்றாவது வகை முழுக்க முழுக்க முளைகளை நம்பியது. நம் தரை எப்படி இருக்கிறது? தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கடல்மணலில் சாதாரண முளை தலைமுடியில் சீப்பு இறங்குவதுபோல் இறங்கும், அதே சுலபத்தில் வெளியே வரும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து இறுகிக் கிடக்கும். மெல்லிய முளை வளைந்துவிடும். நெய்வேலி, பண்ருட்டிப் பக்க முந்திரித் தோப்புகளில் நடுத்தரமான செம்மண். அங்கே பிரச்சினை குறைவு.

மணலுக்கு ஒரு வழி இருக்கிறது. முளையைக் குத்தாமல் படுக்கவைத்துப் புதைக்கவேண்டும். ஒரு முழத் தென்னைமட்டைத் துண்டையோ சவுக்குக் குச்சியையோ எடுத்து, நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, குறுக்காகக் கிடத்தி மூடி, ஈரமணலைப் போட்டு மிதியுங்கள். கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக வெளியே வரட்டும். துணிப்பையில் மணலை நிரப்பிப் புதைத்தாலும் இதேபோல் பிடிக்கும். கடற்காற்று இழுத்தாலும் எளிதில் அசையாது. இதற்காக ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு மீட்டர் கூடுதல் கயிறு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒவ்வொரு முறையும் செய்யப் பொறுமை உள்ளவர் மூன்றாவது வகையை வாங்கலாம். நடைக்கம்பு வைத்துக்கொள்ளும் பழக்கமே இல்லாதவர் வாங்கினால், கூடாரத்துக்காகக் கம்பு தூக்கவேண்டிவரும். எடை மிச்சம் என்ற பேச்சே போய்விடும். முதல் கூடாரம் வாங்குகிறவருக்கு நான் இரண்டாவது வகையைச் சொல்வேன். கடற்கரையிலேயே அதிகம் தங்குவேன் என்றால் முதல் வகை.

படி 5: உங்கள் உடம்பு உள்ளே அடங்குமா?

‘ஒருவர்’ என்று எழுதியிருப்பது ஒருவர் நேராக, அசையாமல் படுக்கும் அளவு. நீளத்துக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள்: உங்கள் உயரத்தோடு 35 செ.மீ. கூட்டுங்கள். தலைப்பக்கமும் கால்பக்கமும் சுவர் சரிவாக இறங்குவதால் ஓரத்து இடம் பயன்படாது. 170 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 205 முதல் 210 செ.மீ. நீளம் வேண்டும். ஆறடிக்காரர் 218-க்குக் குறைந்து பார்க்கவே வேண்டாம். காற்றடைத்த மெத்தை வைப்பவர்கள் அது உங்களைத் தூக்குகிற உயரத்தையும் யோசியுங்கள். மூக்கு மேல்வலைக்குப் பக்கத்தில் போய்விடும்.

உட்கார்ந்து சட்டை மாற்ற 95 முதல் 100 செ.மீ. உயரம் தேவை. அகலம் தோள்பக்கம் 75 செ.மீ. இருந்தால் நலம். புழுக்கத்தில் கையைக் காலை விரித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்கிற ஆள் நீங்கள் என்றால், இலகுவான இருவர் கூடாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 300, 400 கிராம்தான் கூடும். காற்று உலவ இடம் கிடைக்கும், பையும் உள்ளே வரும். தயங்காமல் செய்யலாம்.

வாசல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. தலைப்பக்கம் மட்டும் வாசல் உள்ள கூடாரத்தில் தவழ்ந்துதான் நுழையவேண்டும். மழையில் அது ஒரு தண்டனை. வாசலுக்கு வெளியே மேல் துணியின் கீழ் செருப்பும் பையும் வைக்கத் திண்ணை மாதிரி ஓர் இடம் இருக்கவேண்டும். நம் ஊர் மழையில் நனைந்த பையை வலைக்குள் கொண்டுவந்தால் இரவு முழுக்க ஈரவாடைதான்.

படி 6: துணி

கடைப்பெட்டியில் எழுதியிருக்கும் எண்களை இப்படிப் படியுங்கள்.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. 20 டெனியர் நூல் 9 கிலோமீட்டருக்கு 20 கிராம். எண் குறைந்தால் துணி மெல்லியது. மேல் துணி 15 முதல் 20, தரைத்துணி 20 முதல் 40 என்பது இலகுவான கூடாரத்துக்கு வழக்கம். சவுக்குக் காய், முந்திரிச் சுள்ளி, கிளிஞ்சல் எல்லாம் நம் தரையில் உண்டு. 15 டெனியர் தரைத்துணி எடுத்தால் அடியில் விரிக்க ஒன்று கட்டாயம் வேண்டும். சிலர் 190, 210 என்று ஓர் எண்ணை டெனியர்போல் காட்டி விற்பார்கள். அது ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்ற கணக்கு, தடிமன் அல்ல.

மழை தாங்கும் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். துணிமேல் எத்தனை மி.மீ. உயரத் தண்ணீர்த் தூண் நின்றால் கசியத் தொடங்கும் என்பது அதன் பொருள். விலை மலிவான குவிமாடக் கூடாரங்கள் சில 450, 600 மி.மீ. அளவிலேயே இருக்கும். ஐப்பசி மழைக்கு அது காணாது. மேல் துணி 1,500-க்குக் குறையக்கூடாது. 2,000 இருந்தால் நிம்மதி. முழங்காலை ஊன்றும்போது தரைத்துணியில் அழுத்தம் அதிகம் என்பதால் அது 3,000 இருப்பது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. புயல் மழைக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மரங்களே நிற்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. வானிலை மையம் எச்சரிக்கை விட்ட நாளில் எவ்வளவு நல்ல கூடாரமானாலும் பரணில் கிடக்கட்டும்.

நைலானா பாலியஸ்டரா? நைலான் அதே எடையில் உறுதி அதிகம். ஆனால் ஈரம் குடித்துத் தளரும். மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டியது நள்ளிரவில் தொய்ந்து உள்வலையில் ஒட்டும். வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும். பாலியஸ்டர் ஈரத்தில் அவ்வளவாகத் தளராது, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நம் கடலோரத்துக்குப் பாலியஸ்டர் என்பது என் தேர்வு.

துணிமேல் உள்ள பூச்சு அதைவிட முக்கியம். பாலியூரிதேன் பூச்சு மலிவு, தையல்மேல் பட்டை ஒட்ட வசதி. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல்ரீதியாகச் சிதையத் தொடங்கும். பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை அடிக்கும், பிறகு பொருக்காக உதிரும். குளிர்நாட்டில் பத்து வருடம் வரும் கூடாரம் நம் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தே மூன்று நான்கு மழைக்காலத்தில் கெட்டுப்போகலாம். சிலிக்கான் பூச்சுக்கு இந்த வியாதி இல்லை. இரண்டு பக்கமும் சிலிக்கான் என்றால் மிக நல்லது. வெளியே சிலிக்கான், உள்ளே பாலியூரிதேன் என்ற கலவை நடுத்தர விலையில் கிடைக்கும், அதுவும் பரவாயில்லை. இரு பக்கச் சிலிக்கான் துணியில் பட்டை ஒட்டாது. அதனால் தையல்களுக்கு நீங்களே சிலிக்கான் பசை பூசவேண்டிவரலாம். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டைனீமா கலப்புத் துணி என்று ஒன்று உண்டு. தண்ணீரே குடிக்காது, தொய்யாது, காகிதம்போல் இலேசு. அதில் செய்த ஒற்றை ஆள் கூடாரம் பெரும்பாலும் 500 டாலருக்கு மேல், சுங்கவரி தனி. தேவைப்படுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

படி 7: கம்பி, ஜிப், முளை

கம்பி அலுமினியமாக இருக்கட்டும். கண்ணாடியிழைக் கம்பி கனம், வெயிலில் வைத்தால் காலப்போக்கில் சிம்பு சிம்பாகப் பிளக்கும். அந்தச் சிம்பு விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். மடித்த கம்பியின் நீளத்தையும் பாருங்கள். 45 செ.மீ. வரை என்றால் பைக்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் வெளியே கட்டித் தொங்கவிடவேண்டும். கூட்டமான விழுப்புரம் பேருந்தில் ஏறிப்பார்த்தால் அதன் கஷ்டம் தெரியும். விமானத்தில் போவதாக இருந்தால் முளைகளைக் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போட்டுவிடுங்கள்.

கூடாரத்தில் முதலில் சாகும் உறுப்பு ஜிப். மணலும் உப்பும் சேர்ந்தால் ஜிப்பின் இழுப்பான் தேய்ந்து, பல் சேராமல் பிளந்துகொண்டு நிற்கும். கடையில் பத்துப் பதினைந்து முறை ஒற்றைக் கையால் திறந்து மூடிப் பாருங்கள். வளைவில் துணியைக் கடிக்கிறதென்றால் வேறு எடுங்கள்.

கூட வரும் முளைகள் பெரும்பாலும் மெல்லிய கொக்கிகள். மூன்று சிறகு உள்ள அலுமினிய முளைகள் ஆறு எட்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். செம்மண்ணுக்கு அதுதான் சரி. மணலுக்கான வழி ஏற்கெனவே சொன்னதுதான்.

படி 8: விலை

3,000 ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் கண்ணாடியிழைக் கம்பியும் உச்சியில் தொப்பி மாதிரி சின்ன மழைத்துணியும் உள்ளவை. மொட்டை மாடியில் குழந்தைகள் விளையாட ஆகும். 6,000 முதல் 15,000 வரை உள்ள இடத்தில்தான் நம் தேவைக்கான இரட்டைச் சுவர், அலுமினியக் கம்பி, 1.3 முதல் 2 கிலோ எடை எல்லாம் ஒன்றுசேர்கின்றன. அதற்கு மேலே கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கிராம் குறைப்புக்குத்தான் போகும். பழையது வாங்கினால் ஒரே சோதனை: மேல் துணியை மடித்து உள்பக்கங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டு சர்ரென்று பிரிந்தால் பூச்சு போய்விட்டது. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

படி 9: மாடியில் ஒரு பரீட்சை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில் போட்டுப் பாருங்கள். முளைக்குப் பதில் மூலைகளில் நீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களையோ செங்கற்களையோ கட்டலாம். இருட்டில், கைவிளக்கோடு, யார் உதவியும் இல்லாமல் பத்து நிமிடத்தில் போட முடிகிறதா? பிறகு உள்ளே நாளிதழை விரித்து, வெளியே குழாயால் அரைமணி நேரம் தண்ணீர் அடியுங்கள். தாளில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே தையல் கசிகிறது. சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான் பசை, பாலியூரிதேன் பூச்சுக்குப் பாலியூரிதேன் பசை. மாற்றிப் பூசினால் ஒட்டாமல் உரிந்துவரும்.

அப்புறம் மேல் துணியை முழுக்க மூடிக்கொண்டு ஓர் இரவு அதில் தூங்குங்கள். மாடித் தளம் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும் இரவாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் தூங்க முடிந்தால் தமிழ்நாட்டில் எங்கேயும் தூங்கலாம்.

படி 10: எங்கே, எந்தத் திசையில்?

திறந்த மணலைவிடச் சவுக்குத் தோப்பு நல்லது. தலைக்கு மேல் கிளை இருந்தால் துணி வானத்தை நோக்கிக் குளிர்வது குறையும், பனியும் குறையும். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். ஆறு மணிக்கே நேராகக் கூடாரத்தின்மேல் விழும். கிழக்குப் பக்கம் நாலு மரம் இருந்தால் ஏழரை வரை தூங்கலாம். தென்னையின் கீழே மட்டும் போடாதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து வரும். மீனவர்கள் வாடை, கொண்டல் என்பார்கள். கூடாரத்தின் தாழ்ந்த பக்கம் அந்தத் திசையைப் பார்க்கட்டும். ஆடி, ஆவணியில் இடிமழை மாலையில் மேற்கிலிருந்து வரும், திருப்பிப் போடுங்கள். கெடிலம், தென்பெண்ணை முகத்துவார மணல்திட்டுகள் பார்க்க அழகு, படுக்க ஆகாது. குப்பத்துப் பெரியவர் யாராவது “தம்பி, அங்க தண்ணி ஏறும், இந்தப் பக்கம் வா” என்றால் மறுபேச்சுப் பேசாமல் மூட்டையைக் கட்டுங்கள். தோப்பு யாருடையது என்று கேட்டு அனுமதி வாங்குவதும் அவர் மூலமாகவே நடக்கும். தை முதல் பங்குனி வரை ‘பங்குனி ஆமை’ எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அப்போது மணலில் விளக்கோடு கூடாரம் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

உணவை உள்ளே வைக்காதீர்கள். எறும்பு வலையைக் கடித்துத் துளை போட்டுவிடும். ஒரே இடத்தில் சில நாள் விட்டுவைத்தால் செம்மண் நிலத்தில் கரையான் தரைத்துணியைத் தின்னும்.

படி 11: வீட்டுக்கு வந்தபின்

கடற்கரையிலிருந்து வந்த அன்றே கம்பி, ஜிப், முளை மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு அலுமினியத்தை அரித்துக் குழிபோடும். கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும். ஜிப்பின் பற்களைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். துணியை வாஷிங் மெஷினில் போடவே கூடாது. நிழலில் கொடியில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், சீக்கிரம் நைந்தும் போகும். மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விரித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகு அதன் சொந்த உறைப்பையில் இறுக்கித் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, ஓட்டுக்கூரையோ தகரக்கூரையோ சூடேற்றாத அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறுங்கள். முடிந்தால் கூடவே, வழியில் பழுதுபார்க்க ஒரு சின்னப் பொட்டலம்: அரை மீட்டர் ஒட்டும் நாடா, ஊசி நூல், கம்பி ஒடிந்தால் மேலே செருக ஒரு சாண் நீள அலுமினியக் குழாய். குழாய் சில கூடாரங்களோடே வரும். வராவிட்டால் கம்பியின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு அலுமினியக் கதவு வேலை செய்கிற பட்டறைக்குப் போனால் துண்டுக் குழாய் வெட்டித் தருவார்கள். ஒடிந்த இடம் குழாயின் நடுவில் வருகிற மாதிரி செருகி, இரண்டு முனையிலும் நாடாவைச் சுற்றினால் பயணம் முடியும்வரை தாங்கும்.